ஆணி அடித்த பாறை

எழுந்தால் அவர் அதைத் தூக்கிவிடுவார். அதனால் எழவில்லை. இடது கால் மடங்கியபடியே மரத்துக்கொண்டு வருகிறது, முதுகில் வெயில் விழுந்தும் பாறையின் குளிர் சேலை வழியாக ஏறிக்கொண்டே இருக்கிறது, இருந்தும் எழவில்லை. எதிரே கையெட்டாத தூரத்தில் அந்த மூன்றுகால் கம்பம் நிற்கிறது. அதன் உச்சியில் ஆப்பச்சட்டியைக் கவிழ்த்ததுபோல ஒரு வெள்ளைத் தட்டு. தட்டிலிருந்து கறுப்பு ஒயர் இறங்கி மஞ்சள் பெட்டிக்குள் போகிறது. பெட்டியின் ஓரத்தில் பச்சை விளக்கு ஒன்று விட்டுவிட்டு மினுங்குகிறது. மினுங்கினால் நல்லது என்று பொற்கொடி சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். மலை எந்தப் பக்கம் எவ்வளவு நகர்கிறது என்று அளக்கிற பெண் அவள், பாளையங்கோட்டைக்காரி. "அக்கா, மேல சுத்துற சாட்டிலைட்டோட இது பேசிட்டிருக்கு. அது பாட்டுக்குப் பேசட்டும். நாளைக்கு நான் வந்து கழட்டுறவரைக்கும் யாரும் தொடாமப் பாத்துக்கோங்க. ஒரு மயிரிழை நகந்தாலும் இத்தனை நாள் எடுத்தது வீண். கிட்ட போனா தலை தட்டுக்கு மேல போகக்கூடாது, வானத்தை மறைச்சிரும்." அதனால் தலையைத் தாழ்த்தித்தான் உட்கார்ந்திருக்கிறேன், யார் வீட்டுத் துக்கத்துக்கோ வந்தவள்போல. கருமூஞ்சிக் குரங்கு இரண்டு தேவதாரு மரத்திலிருந்து ஒயரையே பார்த்துக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்குப் பயமில்லை, கல்லை எடுத்துக் காட்டினால் போய்விடும். கல்லைக் காட்டி விரட்ட முடியாத என் வீட்டுக்காரர் சமையல்கட்டுக்குள் இருக்கிறார். கம்பத்தின் மூன்று கால்களையும் சுற்றி மூன்று வெள்ளை வட்டங்கள் இருக்கின்றன. கோலப்பொடி. காலையில் நான்தான் போட்டேன், இந்தக் கைதான் போட்டது. "இந்தா செல்லத்தாயி, காலைச் சுத்தி வட்டம் போட்டுக்க. தூக்கி விறகுக் கொட்டாய்க்குள்ள வச்சிருவோம். வாங்க வர்றவங்க வீட்டைப் பாத்துட்டுப் போனதும் அதே வட்டத்துல இறக்கி வச்சாப் போச்சு. அதுக்கென்ன கண்ணா இருக்கு, பாத்துட்டிருக்க?" என்றார். அந்த நேரம் அது சரியென்றே பட்டது. பொடியைக் கிள்ளி, இழை பிசகாமல், வாசலில் போடுவதைவிட நேர்த்தியாகப் போட்டேன். மூன்றாவது வட்டத்தை முடித்து நிமிரும்போதுதான் விளக்கு மினுங்கியது, யாரோ கண்ணைச் சிமிட்டினதுபோல. அப்போது உட்கார்ந்தவள்தான்.

அவர்மேல் குற்றம் சொல்லவும் வாய் வரவில்லை. மலை நகர்வதை அளக்கிற மிஷின் வீட்டுப் பின்னால் நிற்பதைப் பார்த்தால் யார் வாங்குவார்கள். இந்த மெஸ்ஸை வாங்க ஆள் வருவது லேசில் நடக்கிற காரியமா. வடக்கே இந்தப் பனிமலைக் கோயிலுக்குப் போகிற பாதையில் நம் ஊர் ஜனங்களுக்கு இட்லியும் ரசமும் கிடைக்கிற ஒரே இடம் என்று பேர் இருக்கிறது, அந்தப் பேருக்காகத்தான் வருகிறார்கள். கீழே லாட்ஜில் மாஸ்டராக இருக்கிற மகாலிங்கம், அவன் பெண்டாட்டி, இடுப்பில் ஒரு பிள்ளை. விற்றால் நாங்கள் எங்கள் ஊரான கம்பத்துக்குப் போகலாம். விற்காவிட்டால் அவர் வரமாட்டார், அவர் வராவிட்டால் நான் போகமாட்டேன், மாவு யார் ஆட்டுவது, ரயில் மாறத் தெரியுமா எனக்கு. மகள் பிருந்தாவுக்கு இதுதான் மாசம். தலைப்பிரசவம். அவள் வளைகாப்பைப் போனில்தான் பார்த்தேன், இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல், முகம் உப்பலாக, போனுக்குள்ளிருந்து கையை ஆட்டிக் காட்டினாள், சத்தம் மட்டும் கொஞ்சம் பிந்தி வந்தது. படிப்புக்காக அவளை என் தங்கச்சி வீட்டில் விட்டுவிட்டு இந்த மலைக்கு வந்தோம், வந்த காலத்திலிருந்து எனக்கு எதுவும் கொஞ்சம் பிந்தித்தான் வருகிறது, அவள் வயசுக்கு வந்த சேதி, அவளுக்கு டெங்கு வந்து போன சேதி. இதையாவது பிந்தாமல் பார்க்க வேண்டும். அவள் பக்கத்தில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு இந்தக் கம்பம் அரை மணி நேரம் கொட்டாய்க்குள் இருந்தால் போதும். அவ்வளவு சுலபம். எழுந்து உள்ளே போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வந்தால், வருவதற்குள் அவரே முடித்திருப்பார், நான் தொட்டதாகக்கூட ஆகாது. இதை நினைத்ததும் தாகம் எடுக்கிறது. நிஜத் தாகமா, நினைத்ததால் வந்ததா தெரியவில்லை. எச்சிலை விழுங்கிக்கொண்டு ஆணியைப் பார்க்கிறேன்.

கம்பத்துக்கு நேர் கீழே, பாறைக்குள், கட்டைவிரல் பருமனுக்கு ஒரு எஃகு ஆணி. அதன் தலையில் ஊசிமுனை மாதிரி ஒரு குழி. அந்தக் குழிக்கு நேராகத்தான் மேலே தட்டு நிற்க வேண்டுமாம். போன வருஷம் முதன்முதலாக வந்தபோது பாறையைத் துளைத்து, பசை ஊற்றி, இதை இறக்கினார்கள். அன்றைக்குப் பொற்கொடி வரவில்லை, இந்திக்கார ஆட்கள் இரண்டு பேர்தான். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். மலை நகர்கிறது, அதற்காக ஆணி அடிக்கிறோம் என்றார்கள், அல்லது எனக்குத் தெரிந்த இந்திக்கு அப்படித்தான் விளங்கியது. எனக்கு உடனே புரிந்துபோயிற்று. எங்கள் ஊர் ஓடைக்கரைப் புளியமரம் உடம்பெல்லாம் ஆணியாக நிற்கும். பேய் பிடித்தவளைக் கூட்டிக்கொண்டு வந்து உட்காரவைத்து, கோடாங்கி உடுக்கடித்து, பேர் சொல்லவைத்து, அவள் உச்சிமுடியை மரத்தோடு சேர்த்து ஆணி அடித்து முடியை அறுத்துவிடுவார். பேய் அதோடு மரத்தில் நின்றுவிடும். அதேபோலத்தான் சர்க்காரும் மலைக்குச் செய்கிறது, படித்தவர்களும் கடைசியில் இதற்குத்தானே வர வேண்டியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அன்று ராத்திரி அடித்துப் போட்டமாதிரி தூங்கினேன். வருஷம் முழுவதும் தூங்கினேன். வெள்ளிக்கிழமை தவறாமல் ஆணியைக் கழுவி மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சுற்றிச் சின்னதாக ஒரு கோலம். மண் சரிந்து ரோடு மூடினது, மேலேயுள்ள வீடுகளைக் காலி செய்யச் சொன்னார்கள், எனக்குப் பயம் வரவில்லை, நம் வீட்டுப் பாறையில் ஆணி இருக்கிறது. இந்த வருஷம் பொற்கொடி ஜீப்பிலிருந்து இறங்கி வந்து குனிந்து பார்த்தவள் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். "யாருக்கா இதுக்கு அலங்காரம் பண்ணது? குழி முழுக்க மஞ்சள் இறுகிக் கெடக்கு. நான் எங்கன வச்சுக் கம்பத்தை நிறுத்த?" கூந்தல் ஊசியால் நோண்டி நோண்டி எடுத்தாள். நான் விஷயத்தைச் சொன்னதும் சிரித்தாள், கெட்ட சிரிப்பு இல்லை, என் கையைப் பிடித்துக்கொண்டுதான் சிரித்தாள். "ஐயோ அக்கா, இந்த ஆணி எதையும் பிடிச்சு வைக்காது. மலை போகும்போது இதுவும் கூடப் போகும். எவ்வளவு போச்சுன்னு நாங்க வந்து பாப்போம். அம்புட்டுத்தான்." அம்புட்டுத்தான் என்று சொல்லிவிட்டாள். அன்றோடு தூக்கம் போயிற்று.

போன் அடிக்கிறது. சமையல்கட்டில், அரிசி டின்மேல் வைத்தது. அந்தப் பாட்டு பிருந்தாவுக்கு மட்டும் வைத்தது, அவளேதான் வைத்துத் தந்தாள். என் உடம்பு பாதி எழுந்துவிட்டது, கை பாறையில் ஊன்றிவிட்டது. சன்னலில் அவர் முகம் தெரிகிறது. "போன் அடிக்குது, காது கேக்கலையா?" "நீங்க எடுங்க." "உன் மக. எடுத்தா அம்மாகிட்டக் குடுன்னுதான் சொல்லுவா. அதுக்கு நீயே வந்து எடு." "கையில கொண்டாந்து குடுங்க." "ஏன், மகாராணிக்கு எந்திரிக்க முடியலையோ?" அவர் எடுக்கவில்லை. கையில் பெயிண்ட் என்று காட்டினார். உண்மைதான், கையில் பெயிண்ட் இருந்தது, அந்தக் கை போனுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. பாட்டு ஒரு சுற்று முடிந்து நின்றது. வலி எடுத்துவிட்டதோ. இன்னும் நாள் இருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னதாகத்தான் சொன்னாள், தலைச்சன் முன்னேபின்னே ஆகும். வலி எடுத்திருந்தால் அவள் கூப்பிடமாட்டாள், தங்கச்சி கூப்பிடுவாள், தங்கச்சிக்கு வேறு பாட்டு. அப்படியென்றால் வலி இல்லை. வலி தாங்காமல் தானே கூப்பிட்டிருந்தால்? சன்னலில் முகம் இல்லை. உள்ளே சுவரில் கரண்டி இழுக்கிற சத்தம் கேட்கிறது, வெடிப்பை அடைத்துப் பட்டி பார்க்கிறார். எங்கள் சமையல்கட்டு பாதி இந்தப் பாறைமேல் நிற்கிறது, மீதி கொட்டி நிரவின மண்மேல். இரண்டும் சேருகிற இடத்தில் சுவர் மேலிருந்து கீழே பிளந்திருக்கிறது. முதலில் தலைமுடி மாதிரிதான் இருந்தது. வளருகிறதா என்று பார்க்க நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து வெடிப்புக்குக் குறுக்கே ஒட்டிவைத்தேன். மழை விட்ட பிறகு பார்த்தால் பொட்டு இரண்டாகக் கிழிந்து இந்தப் பக்கம் பாதி அந்தப் பக்கம் பாதி நின்றது. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வெளியே போய் ஒரு பீடி குடித்துவிட்டு வந்து, பிருந்தா அனுப்பிவைத்த தினசரிக் காலண்டரை அங்கே மாட்டினார். காலண்டருக்கு மேலே தெரிகிற மிச்சத்துக்குத்தான் இப்போது பெயிண்ட். பொற்கொடியிடமும் காட்டினேன். "இது வேற அக்கா. மலை நகர்றது வேற, இது மண்ணு இறங்குறது. இதைப் பாக்க வேற ஆளுங்க இருக்காங்க. ஆனா ஒண்ணு சொல்றேன், மழை ஆரம்பிச்சா இந்தச் சமையல்கட்டுல மட்டும் படுக்காதீங்க." நாங்கள் அங்கேதான் படுக்கிறோம். குளிருக்கு அடுப்புச் சூடு அங்கேதான் இருக்கும். வருகிறவர்களும் அங்கேதான் படுப்பார்கள், கைப்பிள்ளை இருக்கிற வீடு, சூடான இடத்தில்தான் தூளி கட்டுவார்கள், தூளி கட்டுகிற கொக்கிகூட அந்த உத்திரத்தில்தான் இருக்கிறது, நாங்கள் பாத்திரம் தொங்கவிடுகிற கொக்கி. இதை யோசிக்கக்கூடாது. குரங்கு ஒன்று கிளையிலிருந்து இறங்கிவிட்டது. கல்லை எடுத்துக் காட்டுகிறேன். பார்த்துக்கொண்டே நிற்கிறது. பிறகு போகிறது, அவசரமில்லாமல்.

வேறு எதையாவது நினைக்க வேண்டும். பொற்கொடி சொன்ன இன்னொன்றை நினைக்கிறேன், அது நல்லதா கெட்டதா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. முந்தாநாள் சாயங்காலம் இதே பாறையில் தோசைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள். நம் தேசம் முழுக்க ஒரே பாளமாக வடக்கே தள்ளிக்கொண்டு வருகிறதாம். "உங்க கம்பம், எங்க பாளையங்கோட்டை எல்லாம்தான் அக்கா. நகம் வளர்ற வேகம். உக்காந்து பாத்தாத் தெரியாது." இந்த மலை அதற்கு எதிரே நிற்கிறதாம், தள்ளுகிற பாளம் மலைக்குக் கீழே நுழையப் பார்க்கிறதாம். ஒரு உள்ளங்கையை இன்னொன்றின் கீழே வைத்துத் தள்ளிக் காட்டினாள். எண்ணெய்க் கை, வழுக்கிக்கொண்டு போயிற்று. கையைத் துடைத்துவிட்டு மறுபடி காட்டினாள். இப்போது போகவில்லை, மேல்கைத் தோல் சுருங்கிச் சுருங்கி எழும்பியது. "பாருங்க, இப்படி ஒட்டிக்கிட்டு நிக்கிது. அடியில சிக்கிருச்சு. சிக்கினாலும் பின்னாலயிருந்து தள்ளுறது நிக்காதுல்ல? அதனால மேல இருக்கிறது அமுங்குது. வருஷத்துக்கு ஒரு விரல் அகலம் மாதிரி. அப்படிப் பாத்தா வருஷா வருஷம் உங்களுக்கும் உங்க மகளுக்கும் நடுவுல ஒரு விரல் தூரம் குறையுது அக்கா." இதைச் சொல்லும்போது நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்தாள். பட்டேன். ஒரு நிமிஷம் அப்படியே கம்பத்துத் தெருவும் தங்கச்சி வீடும் திராட்சைத் தோட்டமும் மெதுவாக, பல்லக்கு மாதிரி, என்னைப் பார்த்து வருவது தெரிந்தது. பிறகு கேட்டேன், அமுங்கி அமுங்கி எவ்வளவு நாள் அமுங்கும் என்று. அவள் தோசையைப் பிய்த்தாள். "அது தெரியாது அக்கா. ஒரு நாள் விடும், அன்னிக்குப் பூமி குலுங்கும். என்னிக்குன்னு யாராலயும் சொல்ல முடியாது. எவ்வளவு சேந்திருக்குன்னுதான் இதை வச்சுக் கண்டுபிடிக்கிறோம்." நகருகிற இடத்தைவிட நகராமல் நிற்கிற இடத்தைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும் என்றாள். அதைத்தான் விட முடியவில்லை. மழையில் ஊதிப்போன கதவு மாதிரி, தோளைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டே இருக்கிறோம், அசையவில்லை அசையவில்லை என்று நினைக்கிறோம், திடீரென்று திறந்து முகம் குப்புற உள்ளே விழுகிறோம். ஊரில் எதிர்வீட்டு மாரக்காவுக்கு நான் பார்க்கத்தான் ஆணி அடித்தார்கள். அடித்த பிறகு அவள் கத்தவில்லை, ஆடவில்லை, எல்லோரும் சரியாகிவிட்டது என்றார்கள். சொன்ன வேலையைச் செய்வாள், உட்கார் என்றால் உட்காருவாள். எனக்கு அவளைப் பார்த்தால் முன்னைவிடப் பயமாக இருக்கும். எது மரத்தில் நின்றது, எது வீட்டுக்குத் திரும்பி வந்தது என்று யாரிடமும் கேட்க முடியவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு நான் இவரிடம் எதிர்த்துப் பேசினது கிடையாது. நல்ல குணம் என்று எல்லோரும் சொல்வார்கள். அப்பா வீட்டில் எட்டாவதோடு படிப்பு போதும் என்றார்கள், போதும் என்றேன். மலைக்குப் போகலாம் என்றார், சரி என்றேன். வட்டம் போடு என்றார், போட்டேன். அசையாமல் இருந்தது அமைதி என்று நானும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கால் இப்போது சுத்தமாக மரத்துவிட்டது, தொட்டால் வேறு யாருடைய காலையோ தொட்டதுபோல இருக்கிறது.

மறுபடி போன். அதே பாட்டு. இந்த முறை அவர் சன்னலுக்கு வரவில்லை. வாசல் பக்கம் பேச்சுக்குரல் கேட்கிறது, வாங்க வாங்க, வழி கண்டுபிடிக்கச் சிரமமா இருந்துச்சா என்கிறார், குரலில் வெல்லம் போட்டு. வந்துவிட்டார்கள். போன் அடித்து ஓய்கிறது. அவர் பின்கதவு வழியாக வேகமாக வருகிறார், கம்பம் நிற்பதைப் பார்த்து நிற்கிறார், வாய்க்குள்ளேயே பேசுகிறார். "இன்னுமா தூக்கல? தள்ளு." நான் கையை மட்டும் நீட்டினேன், அவருக்கும் கம்பத்துக்கும் நடுவில். ஏன் நீட்டினேன் என்று தெரியாது, கை போயிற்று. அவர் அந்தக் கையையே பார்த்தார். இத்தனை வருஷத்தில் பார்த்திராத ஒரு சாமானைப் பார்க்கிறதுபோல. "சரி. கேட்டா டிவிக்குன்னு சொல்லு. வேற ஒண்ணும் சொல்லாத. உன் மகளுக்காகச் சொல்றேன்." அதற்குள் அந்தப் பெண் பின்கதவில் வந்து நின்றாள். ஒல்லியாக, பிள்ளையை இடுப்பில் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு. பெண்பிள்ளை, கன்னமெல்லாம் குளிருக்கு வெடித்துச் சிவந்து, நெற்றி ஓரத்தில் திருஷ்டிப் பொட்டு. "அக்கா, நான் சுகந்தி. நீங்கதான் ரசம் அக்காவா? கீழ லாட்ஜு முழுக்க உங்க ரசத்தைத்தான் சொல்லுது. இவரும் வைக்கிறாரு, வெந்நிதான் அது." அவள் புருஷன் மகாலிங்கம் உள்ளேயிருந்து, "உனக்கு வெந்நி வைக்கவே தெரியாது, பேசாத" என்கிறான். அவள் சிரித்துக்கொண்டே பாறையில் இறங்கி வந்தாள். "நல்ல வெயில்க்கா இங்க. இவ துணி காயவே மாட்டேங்குது எங்க ரூம்ல, ஈரத்தோடதான் போடுறேன், மூக்கு ஒழுகிட்டே இருக்கு. இங்க கொடி கட்டிக்கலாம்ல?" கட்டிக்கலாம் என்றேன். "இது என்னக்கா?" பிள்ளையும் கையை நீட்டுகிறது, பச்சை விளக்கைப் பிடிக்க. அவர் எனக்குப் பின்னால் நிற்கிறார், மூச்சு கேட்கிறது. டிவிக்கு. டிவிக்கும்மா. ஒரு வார்த்தைதான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருக்கிறது, பின்னாலிருந்து எல்லாம் தள்ளுகிறது, பிருந்தாவின் கை, வளையல், ரயில், தங்கச்சி வீட்டு வாசல், இந்தப் பிள்ளையின் மூக்கு, உத்திரத்தில் கொக்கி. சொல்லாமல் இருந்துவிட்டால்கூடப் போதும், சும்மா சிரித்தால் போதும், நான் சிரித்துப் பழக்கப்பட்டவள்தானே. "சமையக்கட்டுல தூளி கட்டுவியா?" என்று கேட்டேன். நான்தான் கேட்டேன், என் குரல்தான். "ஆமாக்கா, பாத்தேன், கொக்கி இருக்கு, கதகதன்னு இருக்கு." "உள்ள போயி அந்தக் காலண்டரைத் தூக்கிப் பாரு."

அவள் என்னைப் பார்த்தாள், எனக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்தாள். சிரிப்பு முகத்தில் இருந்தபடியே இருந்தது, எடுத்து வைக்க மறந்ததுபோல. பிறகு போனாள். காலண்டர் தாள் சரசரப்பது இங்கே கேட்டது. "என்னங்க, இங்க வாங்களேன்" என்று மெதுவாகக் கூப்பிட்டாள் அவனை. அவனும் பார்த்திருப்பான், வெடிப்பையும் இரண்டு பாதியாக நிற்கிற பொட்டையும். பட்டி ஈரம் விரலில் ஒட்டியிருக்கும். இது என்ன மிஷின் என்பதையும் சொன்னேன், அவன் பின்கதவில் வந்து நின்று கேட்டபோது. எனக்குத் தெரிந்தமாதிரி, இரண்டு உள்ளங்கையையும் வைத்துக் காட்டிச் சொன்னேன். மலை நகர்வது வேறு, சுவர் வெடிப்பது வேறு என்றும் சொன்னேன், பயமுறுத்தியதாக ஆகக்கூடாது என்று. அவன் தலையாட்டிக்கொண்டே கேட்டான், நல்ல மாதிரி. "யோசிச்சுச் சொல்றோம்ணே" என்று அவரிடம் சொன்னான். சுகந்தி போகும்போது பிள்ளையின் கையைப் பிடித்து டாட்டா காட்டவைத்தாள். பிள்ளை எனக்குக் காட்டவில்லை, விளக்குக்குக் காட்டியது. அவர்கள் காலடிச் சத்தம் படிகளில் இறங்கி, ரோட்டில் லாரிச் சத்தத்தோடு கலந்து போயிற்று. இப்போது அடிப்பார் என்று நினைத்தேன். அவர் அடித்ததில்லை, ஆனால் நான் கை நீட்டியதும் இல்லையே. அவர் அடிக்கவில்லை. வந்து பாறையின் அந்த ஓரத்தில், கம்பத்துக்கு அந்தப் பக்கம், பள்ளத்தாக்கைப் பார்த்து நின்றார். "இந்தச் சுவத்துக்கு நாந்தான் கல்லு சுமந்தேன்" என்றார். "தெரியும்." "யாத்திரை பஸ்ஸுல சமையலுக்கு வந்தவன். இங்க இறங்கி ஒரு கொட்டாய் போட்டேன். ஊருல அண்ணன் எல்லாத்தையும் எழுதி வாங்கிட்டான். வெறுங்கையோட போயி அவன் வாசல்ல நிக்கச் சொல்றியா?" "நான் அப்படிச் சொல்லல." "பின்ன என்ன சொல்ற?" வெயில் எதிர்மலைக்குப் பின்னால் இறங்குகிறது, இங்கே நிழல் விழுந்துவிட்டது, அங்கே உச்சிப் பனியில் மட்டும் வெளிச்சம் இருக்கிறது. இரண்டு மலையும் எப்போதும்போலத்தான் நிற்கின்றன. "அந்தப் புள்ளைக்கு நம்ம பிருந்தா மாதிரியே காது" என்றேன். அவர் பீடியை எடுத்தார், பற்றவைக்காமல் மறுபடி சட்டைப் பைக்குள் போட்டார்.

அப்போது மூன்றாவது தடவையாகப் போன் அடித்தது. இரண்டு பேரும் அசையவில்லை. பாட்டு சன்னல் வழியாக வந்து பாறைமேல் விழுந்துகொண்டே இருக்கிறது. "போ" என்றார் அவர். நான் கம்பத்தைப் பார்த்தேன். அவர் நான் பார்ப்பதைப் பார்த்தார். "தொடமாட்டேன். போ." கொஞ்சம் பொறுத்து, "இந்த வாரம் ஊருக்குத் திரும்புற பஸ்ஸு ஏதாச்சும் வரும், டிரைவர்கிட்டச் சொல்லி ஏத்திவிடுறேன். நம்ம ஜனங்கதான் இருப்பாங்க. ரயிலு கியிலுன்னு நீ பயப்பட வேண்டாம். நீ போயி அவளைப் பாரு." "நீங்க?" "நான் எங்க போறது. கடையைப் பாக்கணும்ல." "மாவு?" "எனக்கு ஆட்டத் தெரியாதா? உனக்குக் கத்துக்குடுத்ததே நான்தான்." கோபத்தில் சொல்கிறாரா, போய்த் தொலை என்கிறாரா, இல்லை நிஜமாகவே அனுப்புகிறாரா, குரலை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. "சமையக்கட்டுல படுக்கமாட்டீங்கள்ல?" "படுக்கல." "மழை வந்தா?" "படுக்கலைன்னு சொல்றேன்ல. போனை எடு மொதல்ல." எழப் பார்த்தேன். கால் இல்லை. இடுப்புக்குக் கீழே ஒரு கட்டை கிடக்கிறது, அதைக் கையால் தூக்கி நிமிர்த்தி வைக்க வேண்டியிருந்தது. பிறகு ஊசி குத்த ஆரம்பித்தது, உள்ளங்காலிலிருந்து தொடைக்கு, ஆயிரம் எறும்பு ஒரே நேரத்தில் ஏறினதுபோல, கத்திவிடலாம் போல. சுவரைப் பிடித்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்து, பாட்டு நிற்பதற்குள் போய்ச் சேர்ந்தேன்.

"எத்தனை தடவைம்மா அடிக்கிறது, எங்க போன?" என்கிறாள் பிருந்தா. "பின்னாடிதான் இருந்தேன். வலியா? சொல்லு, வலியா?" "அதெல்லாம் ஒண்ணுமில்ல. வளையல்மா. கை வீங்கியிருக்கு, இறுக்குது, தோலு செவந்துபோச்சு. பிரசவம் வரைக்கும் கழட்டக்கூடாதுன்னு சித்தி சொல்லுது. நீ சொல்லு, கழட்டவா வேண்டாமா?" காலண்டர் ஆணியில் ஒரு பக்கமாகத் தொங்குகிறது. அதன் பின்னால் பாதிப் பொட்டு தெரிகிறது. "கழட்டு" என்றேன். "சோப்பு நுரை வச்சு மெதுவாக் கழட்டு. வரலேன்னா துணியைச் சுத்தி உடைச்சிரு, ஒண்ணும் ஆகாது. காலையில மொத வேலையா டாக்டரம்மாகிட்டக் கையைக் காமி. தள்ளிப்போடாத." "சித்தி ஏசும்." "நான் வந்து பேசிக்கிறேன்." அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் சத்தமில்லை, வழக்கம்போலச் சத்தம் பிந்துகிறது என்று நினைத்தேன். "வர்றியா?" என்றாள். சன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் பாறையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார், முதுகை வளைத்து, தலையை வெள்ளைத் தட்டுக்குக் கீழே தாழ்த்தி. பக்கத்தில் சொம்பில் தண்ணீர். தோள் துண்டின் நுனியை நனைத்து, கம்பத்தின் கால்களில் பட்டுவிடாமல், விரலைச் சுற்றிச் சுற்றி, கோலப்பொடி வட்டங்களைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். ஒன்று போய்விட்டது, இரண்டாவதில் பாதி இருக்கிறது. எனக்கு இங்கேயும் இருக்க வேண்டும். "அம்மா, கேக்குதா? வர்றியா?" உள்ளங்காலில் இன்னும் ஊசி குத்திக்கொண்டிருக்கிறது. "வர்றேன்" என்றேன்.